புதுவை பக்கம் வராமலே போன ஜப்பானின் ராட்சத குண்டு விமானம்: 4 செய்ததோடு சரி!

புதுச்சேரி:

புதுவை குருசுக்குப்பம் கடற்கரையில் நின்று நேர் கிழக்கே விரலை நீட்டினால், அந்தக் கோடு சுமார் 1,400 கி.மீ. கடலைத் தாண்டி அந்தமானில் போய் முட்டும். போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) கிட்டத்தட்ட புதுவைக்கு நேர் எதிரே இருக்கிறது. 2-ம் உலகப்போரில் 1942 மார்ச் 23-ந் தேதி அந்த ஊர் ஜப்பான் வசமானது. 1945 வரை அவர்கள் கையில்தான் இருந்தது.

பிரெஞ்சுக்காரன் ஊர்தானே, நமக்கென்ன என்று புதுவை சும்மா இருக்க முடியவில்லை. கவர்னர் லூயி போன்வேன் 1940 செப்டம்பரிலேயே ஜெனரல் டி கால் பக்கம் சேர்ந்து விட்டார். ஜப்பான் கணக்கில் அது எதிரி அணி. இன்னொரு பக்கம், புதுவையில் இருந்து பிழைக்கப் போனவர்கள் நிறைய பேர் சைகோனில் இருந்தார்கள். அந்த சைகோனுக்குள் 1941 ஜூலையிலேயே ஜப்பான் படை வந்து விட்டது. அப்பா அங்கே, பிள்ளைகள் இங்கே என்ற நிலை.

சிங்கம், புலியை சுட்டார்கள்

1942 ஏப்ரல் 5-ந் தேதி ஈஸ்டர் ஞாயிறு அன்று கொழும்பில் குண்டு விழுந்தது. மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா. 9-ந் தேதி திரிகோணமலை. அடுத்தது சென்னைதான் என்று பீதி கிளம்பியது. மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் ஊரைக் காலி செய்தனர். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சென்னை மிருகக்காட்சி சாலையில் இருந்த சிங்கம், புலி போன்றவற்றை போலீசார் சுட்டுக் கொன்றனர். பாவம், அவை என்ன செய்யும்!

ஆனால் பயந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. 1943 அக்டோபரில் ஒரு இரவு ஒற்றை ஜப்பான் விமானம் வந்து சென்னையில் குண்டு போட்டு விட்டுப் போனது. அத்தோடு சரி.

ஏன் வரவில்லை?

கொழும்பைத் தாக்கியவை போர்க்கப்பலில் ஏறி வந்த ஒற்றை என்ஜின் விமானங்கள். கப்பல் கிட்டே வந்தால்தான் அவை வர முடியும். அந்த தாக்குதலுக்கு வந்த 5 விமானந்தாங்கி கப்பல்களில் 3 கப்பல்கள் அதே ஆண்டு ஜூனில் பசிபிக் கடலில் நடந்த மிட்வே சண்டையில் மூழ்கி விட்டன. கடலில் இறங்கும் 4 என்ஜின் பறக்கும் படகுகள் ஜப்பானிடம் இருந்தன. ரொம்ப தூரம் போகும் என்றாலும் பெரும்பாலும் வேவு பார்க்கத்தான் அவை பயன்பட்டன. தரையில் இருந்து கிளம்பி, டன் கணக்கில் குண்டு சுமந்து, போட்டு விட்டுத் திரும்பும் 4 என்ஜின் விமானம் மட்டும் கடைசி வரை படையில் சேரவில்லை.

முயற்சி செய்யாமல் இல்லை. 1939-ல் அமெரிக்க டக்ளஸ் கம்பெனியின் பெரிய பயணிகள் விமானம் ஒன்றை விலைக்கு வாங்கினார்கள். பிறகு அது டோக்கியோ வளைகுடாவில் விழுந்து விட்டது என்று செய்தி பரப்பினார்கள். உண்மையில் நகாஜிமா கம்பெனியில் வைத்து பாகம் பாகமாகப் பிரித்து காப்பி அடித்தனர். இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவிலேயே விமான கம்பெனிகள் வேண்டாம் என்று ஒதுக்கிய மாடல் அது! அதைப் பார்த்து செய்த 'ஷின்சான்' 1941 ஏப்ரலில் பறந்தது. எடை அதிகம், என்ஜினுக்கு இழுவை போதவில்லை. 6 விமானங்களோடு நிறுத்தி, சிலவற்றை சரக்கு ஏற்ற விட்டார்கள்.

அடுத்து சொந்தமாக யோசித்து செய்ததுதான் 'ரென்சான்'. மலைத்தொடர் என்று அர்த்தம். 4 என்ஜின், ஒவ்வொன்றும் சுமார் 2 ஆயிரம் குதிரைத்திறன். இறக்கையின் நீளம் மட்டும் 32 மீட்டருக்கு மேல். 4 டன் குண்டோடு சுமார் 3,700 கி.மீ. போகும் என்பது திட்டம். அந்தமானில் இருந்து புதுவை வந்து திரும்ப 2,800 கி.மீ.தான். கணக்குப்படி எட்டும் தூரம். ஆனால் அது குறி வைத்தது பசிபிக் கடல் அமெரிக்க தளங்களை.

ரென்சான் முதலில் பறந்தது 1944 அக்டோபர் 23-ந் தேதி. அதற்குள் எல்லாம் கை மீறிப் போயிருந்தது. அமெரிக்காவின் பி-29 விமானங்கள் ஜப்பான் தொழிற்சாலைகளை நொறுக்கத் தொடங்கின. விமானம் கட்ட அலுமினியம் கிடைக்கவில்லை. இரும்புத் தகட்டிலாவது செய்யலாமா என்று கூட யோசித்தார்கள். இருக்கிற உலோகத்தில் ஊரைக் காக்கும் சின்ன சண்டை விமானம் செய்தால் போதும் என்று முடிவாகி, 1945 ஜூனில் திட்டத்தை ஊத்தி மூடினார்கள். மொத்தம் செய்தது 4. அமெரிக்கா செய்த பி-29 கிட்டத்தட்ட 4 ஆயிரம்!

வங்கக்கடல் மேல் பெரிய குண்டு விமானங்கள் பறக்காமல் இல்லை. போனது எதிர்த் திசையில். 1944 ஆகஸ்டு 10-ந் தேதி திரிகோணமலை சீனன்குடாவில் இருந்து கிளம்பிய பி-29 விமானங்கள், ஜப்பான் பிடியில் இருந்த சுமத்ராவின் பாலம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கி விட்டுத் திரும்பின. சைகோனிலும் குண்டு விழுந்தது. 1945 ஜனவரியில் அதைப் போட்டதும் அமெரிக்க விமானங்கள்தான். புதுவையில் இருந்து பிழைக்கப் போனவர்கள் அந்த ஊரில் அப்போதும் இருந்தனர்.

4 ரென்சான்களில் ஒன்றை போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் கப்பலில் ஏற்றிக் கொண்டு போய் சோதித்துப் பார்த்தனர். பிறகு அதையும் உடைத்து பழைய இரும்பு கணக்கில் சேர்த்து விட்டார்கள். இன்று பார்ப்பதற்கு ஒன்று கூட மிச்சமில்லை.