சீதன உறுதி: ஒரே கிணற்றடியில் அக்காவும் தங்கையும்

இடம்: கொக்குவில், யாழ்ப்பாணம்
காலம்: 1918–1939

மகளின் கல்யாணத்தின்போது பெற்றோர் எழுதிக்கொடுத்த காணி, வீடு, நகை ஆகியவற்றின் பத்திரம் இது. நொத்தாரிசு முன்னிலையில் முடிக்கப்படும். ஒல்லாந்தர் 1707இல் தொகுத்த யாழ்ப்பாணத்து வழக்கச் சட்டமான தேசவழமைப்படி, தாயின் சீதனம் பெண்பிள்ளைகளுக்கே இறங்கும். ஆகவே பெரும்பாலும் மாப்பிள்ளைதான் வீடு மாறி வந்தார். பெண் பிறந்த வளவிலேயே இருந்தாள்.

இவ்வகை உறுதிகளில் எல்லை வரிகளே சுவையானவை. தங்கையின் காணிக்கு வடக்கெல்லை பல வேளை அக்காவின் காணியாகவே இருக்கும். அளவு பரப்பிலும் குழியிலும் வரும் (18 குழி ஒரு பரப்பு; வரகுக் காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர்). கடைசியில் ‘கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காலும்’ சேரும். புகையிலைத் தோட்டத்துக்கு இறைப்பு முறை வைத்த ஊரில் அந்தப் பங்கு நகையைவிடப் பெரிது. சகோதரிகளுக்குள் மனத்தாங்கல் வந்தாலும் கிணறு ஒன்றுதான்.

சீதனக் காசு சுருட்டு வியாபாரத்திலிருந்தும், மலாயாவில் ரயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்த ஆண்கள் அனுப்பியதிலிருந்தும் சேர்ந்தது. மருதனார்மடத்தில் 1913இல் தொடங்கிய இராமநாதன் கல்லூரி பெண்பிள்ளைகளின் படிப்புக்குப் பக்கத்திலேயே வழி திறந்தது.

இலங்கையில் 1931இல் 21 வயது நிரம்பிய பெண்களுக்கும் வாக்குரிமை கிடைத்தது. அவ்வாண்டு நடந்த அரசாங்க சபைத் தேர்தலை யாழ்ப்பாணம் பகிஷ்கரித்ததால், இங்குள்ள சகோதரிகள் 1934இலேயே அச்சபைக்கு வாக்களித்தனர். காணிக்காரிகளாக அவர்கள் அதற்கு வெகுகாலம் முன்பே உறுதிகளில் கையெழுத்திட்டிருந்தனர், அல்லது கைநாட்டு வைத்திருந்தனர்.