துருப்பிடித்த வாளின் வயது என்ன?

கிணறு வெட்டும்போதோ ஏர் உழும்போதோ மண்ணிலிருந்து ஒரு பழைய வாள் கிடைத்தால், அதன் வயதை எவ்வாறு கண்டறிவர்? வரலாற்று வகுப்பில் எழுந்த இக்கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டோம். விழுப்புரம், திண்டிவனம் பகுதியினரான நமக்கு இது தொலைதூரச் செய்தியன்று. வந்தவாசி வட்டத்துக் கீழ்நமண்டியில் தமிழ்நாடு தொல்லியல் துறையினர் அகழ்ந்தெடுத்த ஈமப்பேழையின் காலம் கி.மு. 1692 எனக் கரித்துண்டு ஆய்வு காட்டியுள்ளது.

ஐரோப்பாவில் பண்டை மக்கள் வெண்கலத்தால் வாள் செய்தனர். உலோகங்காட்டும் கருவியுடன் வயல்களில் நடப்போர் அவற்றை இன்றும் கண்டெடுக்கின்றனர். நம் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தபோதோ, வாளும் வேலும் இரும்பாகவும் கிண்ணங்கள் வெண்கலமாகவும் கிடைத்தன.

வெண்கலம் என்பது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. எக்ஸ் கதிர்களை அதன்மேல் செலுத்தினால் எந்த உலோகம் எவ்வளவு உள்ளது எனத் தெரியும். ஆனால் அக்கதிர் மேற்புறத்தை மட்டுமே படிக்கும். மண்ணில் கிடந்த வெண்கலத்தின் மேற்பரப்பில் செம்பு கரைந்துபோய் வெள்ளீயம் மிகுந்து தோன்றும். உட்புறத்தையும் சோதித்தால்தான் உண்மை வெளிப்படும். அப்போதும் கலவை தெரியுமேயன்றி வயது தெரியாது. (பச்சைக் களிம்பைக் கண்டதும் புளியிட்டுத் துலக்குவது நம் வீட்டு வழக்கம். ஆராய்ச்சிக்கு அதைவிடக் கேடு வேறில்லை!)

இரும்பின் கதை வேறு. கரி நெருப்பில் உருக்கும்போது மரத்தின் கார்பன் சிறிது இரும்புக்குள் புகுந்துவிடுகிறது. மரம் வெட்டப்பட்டபின் அதிலுள்ள கதிரியக்கக் கார்பன் 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் காலம் தெரியும். நூற்றுக்கு ஒரு பங்கு கார்பன் உள்ள எஃகில் 100 மில்லிகிராம் எடுத்தால் ஒரு மில்லிகிராம் கார்பன் கிடைக்கும். இன்றைய கருவிகளுக்கு அதுவே போதும்.

மேட்டூர் அருகே தெலுங்கனூரில் கிடைத்த வாள் இத்தகைய மிகு கார்பன் எஃகு. அதன் காலம் கி.மு. 1435க்கும் 1233க்கும் இடைப்பட்டது. 2025 ஜனவரியில் வெளியான ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை, தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளைக்குக் கூறும் கி.மு. 3345 என்ற காலமோ, இரும்புப் பொருள்களுடன் தாழியில் இருந்த கரியைக் கொண்டு கணித்தது. இவ்வேறுபாட்டை மறந்து ஆண்டுகளை மட்டும் ஒப்பிடுவது சரியன்று என்பது எங்கள் கருத்து.

இதிலும் தடுமாற்றம் உண்டு. ஆய்வு சொல்வது மரத்தின் வயதைத்தான், கொல்லர் சம்மட்டி ஓங்கிய நாளை அன்று. மிக முதிர்ந்த மரத்தின் உட்பகுதியை எரித்திருந்தால் வாள் உள்ளதைவிடப் பழமையாகத் தோன்றும்.

உலோகங்காட்டும் கருவி உலோகத்தைக் காட்டும். பக்கத்திலுள்ள கரித்துண்டைக் காட்டாது. அவசரமாகத் தோண்டினால் கரியும் மண்ணடுக்கும் கலைந்துபோகும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்திருந்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். கழுவாமல், சுரண்டாமல், ஒட்டிய மண்ணோடு அப்படியே வைத்திருந்தால் ஆய்வாளர் மகிழ்வர்.