ஊர் இரண்டுபட்டபோது

அடுத்த தடவை குழந்தைகளைக் கிண்டிப் பாம்புப் பண்ணைக்கு அழைத்துப் போகும்போது, அக்கம்பக்கத்தில் இருக்கும் காட்டையும் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். ஆலமரமும் புள்ளிமானும் நிறைந்த அந்தக் காட்டுக்குள்தான் ஐ.ஐ.டி. இருக்கிறது. பக்கத்து வீட்டு மாமியின் பேரன் அங்கே படிக்கிறான் என்றால், அதை அவர் வாரத்துக்கு இரண்டு தடவையாவது உங்களிடம் சொல்லியிருப்பார். ஆனால் எங்கோ பெர்லினில் இரண்டு வல்லரசுகள் முறைத்துக்கொண்டு நின்றதற்கும் இந்த மான்களுக்கு நடுவே ஒரு கல்லூரி எழுந்ததற்கும் சம்பந்தம் உண்டு என்று மாமி சொன்னாரோ? சொல்லியிருக்க மாட்டார்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்ததும் ஜெர்மனி துண்டாடப்பட்டது. 1949-இல் அது இரண்டு நாடாகவே ஆகிவிட்டது. மேற்கு ஜெர்மனிக்கு அமெரிக்காவின் ஆதரவு. கிழக்கு ஜெர்மனிக்கு சோவியத் ரஷ்யாவின் ஆதரவு. அப்புறம் என்ன, பங்காளிச் சண்டைதான்! "அவர்கள் வீட்டுக்கு நீங்கள் பத்திரிகை வைத்தால், உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் வரமாட்டோம்" என்று சொல்லும் உறவினர்களை நாம் பார்த்ததில்லையா? 1955-இல் மேற்கு ஜெர்மனி உலகத்துக்கு ஏறக்குறைய இதையேதான் சொல்லிற்று. கிழக்கு ஜெர்மனியை ஒரு நாடென்று அங்கீகரிப்பவர்களோடு உறவு கிடையாது என்றது. ரஷ்யாவுக்கு மட்டும் விலக்கு. பெரிய இடத்தோடு யார்தான் பகைத்துக்கொள்வார்கள்?

அப்போது இந்தியா எந்தக் கட்சியிலும் சேராத நாடு. சேராதவர்களின் தயவுக்குத்தானே மதிப்பு அதிகம்? 1956-இல் நேரு மேற்கு ஜெர்மனிக்குப் போனார். இந்தியாவில் ஒரு தொழில்நுட்பக் கல்விக்கூடம் அமைக்க உதவுவதாக அவர்கள் சொன்னார்கள். 1959-இல் ஒப்பந்தம் ஆயிற்று. கவர்னர் மாளிகையைச் சேர்ந்த காட்டில் நிலம் ஒதுக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலை 31-ஆம் தேதி திறப்பு விழாவும் நடந்தது. இயந்திரங்கள் வந்தன, பேராசிரியர்கள் வந்தார்கள். கிழக்கு ஜெர்மனியை இந்தியா அங்கீகரித்தது எப்போது தெரியுமா? 1972-இல்! இதற்காகத்தான் அது என்று யாரும் ரசீது எழுதிக் கொடுக்கவில்லை. ஆனாலும் கணக்குப் புரியாத குடும்பஸ்தர் யாருமில்லை.

ரஷ்யர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? பம்பாய் ஐ.ஐ.டி.க்கு அவர்கள் உதவினார்கள், கான்பூருக்கு அமெரிக்கர்கள். ரூர்கேலாவில் ஜெர்மனி உருக்காலை கட்டிற்று. பிலாயில் ரஷ்யா கட்டிற்று. கிண்டியை அடுத்த நந்தம்பாக்கத்திலேயே, 1960-களில், சோவியத் உதவியோடு அறுவை சிகிச்சைக் கருவிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்று எழுந்தது. பாவம், நம் டாக்டர்களின் கைக்குப் பழகியவை பிரிட்டிஷ் மாதிரிக் கத்தரியும் இடுக்கியும். ரஷ்ய மாதிரிகளுக்கு எதிர்பார்த்த கிராக்கி இல்லை. சீர் வரிசையில் வந்த பாத்திரம் எல்லாம் நம் அடுப்புக்குப் பொருந்திவிடுமா, சொல்லுங்கள்! தொழிற்சாலை பின்னாளில் நலிந்துபோயிற்று.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். கிண்டி வரையில் நாம் கூத்தாடிகள், லாபம் பார்த்தோம். எப்போதும் அப்படி நடந்ததாகச் சொல்ல முடியாது. 1954-இல் அமெரிக்கா பாகிஸ்தானுக்கு ராணுவ உதவி தர ஒப்புக்கொண்டது. கம்யூனிஸ்டுகளைத் தடுப்பதற்கு என்று சொல்லிக் கொடுத்த பாட்டன் டாங்கிகள், 1965-இல் பஞ்சாப் எல்லையில் நம்மை நோக்கி வந்தன. அந்தச் சண்டைக்குச் சமாதானம் பேசியது தாஷ்கண்டில், ரஷ்யப் பிரதமர் கொசிகினின் வீட்டு வாசலில் என்றே சொல்லலாம்.

கூத்தாடியைப் பார்த்தாயிற்று. இரண்டுபட்ட ஊரையும் பார்க்க வேண்டாமா? அந்த ஊரின் பெயர் கொரியா.

1945-இல் அமெரிக்காவும் ரஷ்யாவும் பூகோளப் படத்தில் 38-ஆவது அட்சரேகையைப் பார்த்து, வடக்கே உனக்கு, தெற்கே எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். கொரியர்களை யாரும் கேட்கவில்லை. 1950 ஜூன் 25-இல் யுத்தம் மூண்டது. 1953 ஜூலை 27-இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது, மாண்டவர்கள் இருபது லட்சத்துக்கும் மேல். கோடு ஏறக்குறைய பழைய இடத்திலேயே இருந்தது!

இந்தியா அங்கே சிப்பாய்களைச் சண்டைக்கு அனுப்பவில்லை. ஒரு மருத்துவப் படையை அனுப்பிற்று. அதன் தலைவர் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். அந்த 'ஏ' நம்முடைய ஆற்காடு! 1950 டிசம்பரில் பியாங்யாங்கிலிருந்து எல்லோரும் பின்வாங்கினார்கள். மருத்துவச் சாமான்களை ஏற்ற வண்டி கிடைக்கவில்லை. விட்டுவிட்டு வர ரங்கராஜுக்கு மனமில்லை. ஸ்டேஷனில் ஒரு பழைய ரயில் எஞ்சின் நின்றது. வரிசையாக நின்று, வாளி வாளியாகத் தண்ணீர் கைமாற்றி அதன் வயிற்றை நிரப்பினார்கள். தாங்களே ஓட்டிக்கொண்டு தெற்கே வந்து சேர்ந்தார்கள். அவருக்கு மகாவீர் சக்கரம் கிடைத்தது.

யுத்தம் நின்ற பிறகு ஒரு சங்கடம் முளைத்தது. சிறைப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் சொந்த ஊருக்குத் திரும்ப மறுத்தார்கள். அவர்களைக் காவல் காக்க இந்தியப் படை போயிற்று. தென் கொரிய அதிபர் சிங்மன் ரீக்கோ இந்தியர் மேல் மகா கோபம். தம் மண்ணில் அவர்கள் கால் படக் கூடாது என்றார். ஆகவே நம் ஜவான்கள் கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏறி, நடுநிலைப் பகுதியில் போய் இறங்கினார்கள்.

கைதிகளில் பெரும்பாலோர் கடைசியில் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 88 பேர் மட்டும், கொரியரும் சீனருமாக, வடக்கும் வேண்டாம், தெற்கும் வேண்டாம், எந்தப் பக்கமும் சேராத நாடு ஒன்றுக்கு அனுப்புங்கள் என்றார்கள். திரும்பும் இந்தியப் படையோடு 'அஸ்டூரியாஸ்' என்ற கப்பலில் ஏறினார்கள். 1954 பிப்ரவரியில் அந்தக் கப்பல் வந்து நின்றது நம் சென்னைத் துறைமுகத்தில்.

பாஷை தெரியாத ஊர், பழக்கமில்லாத வெயில். வீட்டில் விட்டுவந்த தாய்க்கு ஒரு கடிதம் போடக்கூட வழி தெரியாத நிலை. இங்கிருந்து டில்லிக்கு அழைத்துப் போனார்கள். சில வருஷங்களில் பலர் பிரேஸிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போய்க் குடியேறினார்கள். ஒரு சிலர் மட்டும் இந்தியாவிலேயே தங்கி, கோழிப் பண்ணை வைத்துப் பிழைத்தார்கள்.