மண் பிசையும் பிள்ளைகள்
தாராவி கும்பார்வாடாவில் ஒரு கோடை வகுப்பு

கோடை விடுமுறை வந்து விட்டால் மும்பைத் தமிழர் வீடுகளில் இரண்டே பேச்சுதான். "ஊருக்கு டிக்கெட் கிடைத்ததா?" என்பது ஒன்று. "கிடைக்கவில்லை என்றால் இந்தப் பிள்ளைகளை ஒன்றரை மாதம் எப்படிச் சமாளிப்பது?" என்பது இன்னொன்று.

ரெயிலில் முன்பதிவு செய்யும் காலம் 2024 நவம்பர் 1-ந் தேதி முதல் 120 நாளில் இருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. ஆனாலும் மே மாதத்து நாகர்கோவில் எக்ஸ்பிரசில் இடம் பிடிப்பது என்றைக்கும் போல குதிரைக் கொம்புதான். ரெயில்வேயில் குமாஸ்தாவாக இருக்கும் எனக்கே இந்த ஆண்டு கிடைக்கவில்லை. பாஸ் இருக்கிறது. படுத்துப் போக இடம் வேண்டாமா?

பத்துக்குப் பத்து அறை. மேலே தகரம். வெளியே வெயில். தாயும் தந்தையும் வேலைக்குப் போன பிறகு பிள்ளைகளுக்குத் துணை செல்போன் ஒன்றுதான். ஆனால் இந்தக் கோடையில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சிலர் காலை 8 மணிக்குக் கும்பார்வாடாவுக்குப் புறப்பட்டுப் போனார்கள். 10 மணிக்கு முழங்கை வரை மண்ணோடு திரும்பி வந்தார்கள். என் மகளும் அவர்களில் ஒருத்தி.

சாலைக்கு அந்தப் பக்கம்

தாராவியில் 90 அடி சாலையை ஒட்டி இருக்கிறது கும்பார்வாடா. சவுராஷ்டிரப் பகுதியில் இருந்து பிழைப்பைத் தேடி வந்த குயவர்களின் குடியிருப்பு அது. திருநெல்வேலிச் சீமையில் இருந்து நம் முன்னோர் தோல் பதனிடும் வேலைக்கு வந்தார்கள் அல்லவா, அதுபோலத்தான் அவர்களும். வீட்டு வாசலிலேயே சக்கரம். முற்றத்தில் காயும் சட்டி பானைகள். சந்தின் நடுவே சூளை. தீபாவளி அகல் விளக்கு, தண்ணீர்ப் பானை, பூந்தொட்டி, உண்டியல் எல்லாம் அங்கே தயாராகின்றன.

பொங்கல் நெருங்கினால் நம் பெண்கள் புதுப்பானை வாங்கப் போகும் இடமும் அதுதான். அந்தப் பானைகளைத்தான் 90 அடி சாலையில் வரிசையாக அடுப்பில் ஏற்றிப் பொங்கல் வைக்கிறோம். பானையைத் தட்டிப் பார்ப்போம், விலை பேசுவோம், வாங்கி வருவோம். அது எப்படிப் பானை ஆனது என்று நின்று பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்?

வெளிநாட்டுப் பயணிகள் அங்கே வந்து, பணம் கொடுத்துச் சக்கரத்தில் கை வைத்துப் பார்த்து விட்டுப் போகிறார்கள். நகரத்தின் வசதியான பகுதிகளில் உள்ள மட்பாண்டப் பயிலகங்களில் கோடை வகுப்புக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டணம். சாலையைக் கடந்தால் போதும் என்ற தூரத்தில் இருக்கும் நம் பிள்ளைகள்தான் இதுவரை போகவில்லை.

இந்த ஆண்டு எங்கள் பகுதி இளைஞர்கள் சிலர் ஒரு குயவர் குடும்பத்திடம் பேசினார்கள். அவர்கள் தங்கள் கொட்டகையைத் தினமும் காலையில் இரண்டு மணி நேரம் ஒழித்துக் கொடுத்தார்கள். மண்ணுக்கும் சூளைக்கும் ஆகும் செலவைப் பெற்றோர் பகிர்ந்து கொண்டோம்.

சொல்லிக் கொடுத்தவர் அறுபதைத் தாண்டிய பெரியவர். குஜராத்தியில் சிற்றப்பாவைக் 'காக்கா' என்று அழைப்பார்கள். எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நம் பிள்ளைகளுக்கு முதல் நாள் முழுவதும் சிரிப்பு. ஒரு வாண்டு, "கா கா" என்று கத்தவும் செய்தது. காரணத்தைக் கேட்டுத் தெரிந்து கொண்ட பெரியவரும் சேர்ந்து சிரித்தார்.

"சகதியை மிதிக்கவா?"

எல்லாப் பெற்றோரும் சம்மதித்து விடவில்லை. தோல் பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் என்னிடம் கோபித்துக் கொண்டார்.

"என்ன அண்ணாச்சி! புள்ளய நாலு எழுத்து படிக்க வைக்கத்தான இங்கன வந்து கெடக்கோம். அவன் போயி சகதிய மிதிக்கவா?" என்றார்.

அவர் கேட்டதில் ஒரு நியாயம் இருக்கிறது. கையால் வேலை செய்து அதற்குரிய மரியாதை கிடைக்காமல் போனவரின் நியாயம் அது. ஆனால் படித்தவர்களும் மண்ணைத் தொட்டிருக்கிறார்கள். நிலவியல் படித்த சர்தார் குருசரண்சிங் 1919-ல் ஜப்பானுக்குப் போய் மட்பாண்டக் கலையைக் கற்றார். பின்னர் டெல்லியில் பட்டறை வைத்து எத்தனையோ பேருக்குக் கற்றுக் கொடுத்தார். 1971-ல் புதுச்சேரியில் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற இரு அமெரிக்கர்கள் தொடங்கிய பட்டறையில் பயின்ற பலர் இன்று பெயர் பெற்ற கலைஞர்கள். நம் நாட்டிலோ, தலைமுறை தலைமுறையாகச் செய்பவனுக்குக் 'குயவன்' என்று பெயர். படித்து விட்டுச் செய்பவருக்குக் 'கலைஞர்' என்று பெயர். மண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

இதையெல்லாம் சொல்லியும் நண்பர் சமாதானம் ஆகவில்லை. "ஒரு வாரம் பார்ப்போம்" என்று மட்டும் சொன்னார். அவருடைய மகனுக்கு 12 வயது.

முதல் வாரம் சக்கரம் இல்லை

சக்கரத்தில் உட்காரத்தான் பிள்ளைகள் போனார்கள். முதல் வாரம் காக்கா சக்கரத்தைத் தொடவே விடவில்லை. மண்ணை ஊற வைத்தார்கள், மிதித்தார்கள். கையால் தடவித் தடவிக் கல், வேர்த் துண்டு, கண்ணாடிச் சில் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்தார்கள். பிறகு சப்பாத்தி மாவு போல் பிசைந்தார்கள். ஈரம் எல்லா இடத்திலும் ஒரே அளவாகப் பரவ வேண்டும். கட்டியும் இருக்கக் கூடாது, காற்றுப் புரையும் இருக்கக் கூடாது.

அடுத்து மூன்று வித்தைகள். ஓர் உருண்டையின் நடுவில் கட்டை விரலால் குழி செய்து, சுற்றிச் சுற்றிக் கிள்ளினால் கிண்ணம். மண்ணைக் கயிறு போல் உருட்டி, வளையம் வளையமாக அடுக்கி வழித்து விட்டால் ஜாடி. தட்டிப் பரப்பி வெட்டி ஒட்டினால் பெட்டி. ஒட்டுவதற்குப் பசை வேண்டாம். ஒட்டும் இடத்தைக் கீறி, மண் குழம்பைத் தடவி அழுத்தினால் போதும். கீறாமல் ஒட்டினால் காயும்போது கழன்று விடும். என் மகள் செய்த யானையின் தும்பிக்கை இப்படி இரண்டு முறை விழுந்தது. மூன்றாவது முறை கீறி ஒட்டினாள்.

இரண்டாவது வாரம் சக்கரம். சுழலும் சக்கரத்தின் நட்ட நடுவில் மண்ணை நிறுத்துவதுதான் கடினம். நூலளவு விலகினாலும் பானை ஆட்டம் போட்டுச் சரிந்து விடும். காக்கா ஒரு நிமிடத்தில் செய்ததைப் பிள்ளைகள் நான்கு நாள் முயன்றார்கள். சரிந்த மண் வீணாகவில்லை. திரும்பவும் பிசைந்தார்கள். பரீட்சையில் ஒரு மார்க் போனால் போனதுதான். இங்கே தப்பு செய்தால் மண் திரும்பக் கிடைக்கிறது.

தோல்காரருக்குப் புரிந்த பதம்

வனைந்த பானையை வெயிலில் வைக்கக் கூடாது என்பது எனக்குப் புதிய செய்தி. நிழலில், துணியோ பிளாஸ்டிக் தாளோ போர்த்தி, மெதுவாகக் காய விட வேண்டும். காயும்போதும் சுடும்போதும் மண் சுருங்கும். பத்து அங்குலம் செய்தால் ஏறக்குறைய ஒன்பதுதான் மிஞ்சும். விளிம்பு முதலில் காய்ந்து அடிப்பாகம் ஈரமாக இருந்தால் இழுபறியில் விரிசல் விழும்.

பாதி காய்ந்த நிலையில் ஒரு பதம் வரும். அழுத்தினால் நசுங்காது, கீறினால் கீறு விழும். கைப்பிடி ஒட்டுவதும், அடியைச் செதுக்குவதும், பூ வேலை செய்வதும் அப்போதுதான். ஆங்கிலத்தில் இந்தப் பதத்துக்கு 'லெதர் ஹார்டு' என்று பெயர். அதாவது தோல் பதம்.

ஒரு வாரம் கழித்து மகனைக் கூட்டிப் போய் விடலாம் என்று வந்த தோல் பட்டறை நண்பர், அந்தப் பதத்தில் இருந்த ஒரு சட்டியைக் கையில் எடுத்தார். கட்டை விரலால் தடவிப் பார்த்தார். "இந்தப் பதந்தான் அண்ணாச்சி. ஈரம் இருக்கவும் வேணும், இருக்கவும் கூடாது. தோல்லயும் இதான் சூட்சுமம்" என்றார். காக்காவும் அவரும் அரைகுறை இந்தியில் அரை மணி நேரம் பேசிக் கொண்டிருந்தார்கள். பையன் வகுப்பில் தொடர்ந்தான்.

வெடித்த பானை

அந்தப் பையனுக்கு ஊருக்கு டிக்கெட் உறுதியாகி விட்டது. சனிக்கிழமை ரெயில். ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் இருக்கும் ஆச்சிக்குத் தன் கையால் செய்த பானையைக் கொண்டு போக வேண்டும் என்பது அவன் ஆசை. பானையும் செய்து விட்டான். ஆனால் அடிப்பாகம் கனமாக இருந்தது, காயவில்லை. "இது அடுத்த சூளைக்கு" என்று காக்கா ஒதுக்கி வைத்து விட்டார்.

வியாழக்கிழமை சூளை அடுக்கினார்கள். எல்லோரும் அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்துப் பையன் தன் பானையை அகல் விளக்குகளுக்கு நடுவே செருகி விட்டான். தீ மூட்டி ஒரு மணி நேரம் ஆகவில்லை. உள்ளே 'பட்'டென்று ஒரு சத்தம். காக்கா ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் ஆறிய சூளையைப் பிரித்தபோது அவன் பானை சில் சில்லாகக் கிடந்தது. கூடவே மற்றப் பிள்ளைகளின் ஐந்து விளக்குகளும் உடைந்திருந்தன. ஒன்று என் மகளுடையது. அவள் அழுதாள். பையன் தலையைக் குனிந்து, "நான்தான் வச்சேன்" என்றான்.

ஏன் வெடித்தது? காக்கா பிள்ளைகளை உட்கார வைத்து விளக்கினார். மண்ணுக்குள் ஈரம் தங்கியிருந்தால், சூடு 100 டிகிரியைத் தாண்டும்போது அது நீராவி ஆகும். வெளியேற வழி இல்லாவிட்டால் பானையைப் பிளந்து கொண்டு வரும். அதனால்தான் முதலில் சிறு தீ. 500, 600 டிகிரிக்கு மேலே போனால் மண்ணோடு இரண்டறக் கலந்த நீரும் போய் விடும். அதன் பிறகு அதைத் தண்ணீரில் போட்டாலும் மண்ணாகக் கரையாது. சட்டி பானைக்கு 700 முதல் 900 டிகிரி வரை சூடு போதும். சூளையைப் பிரிக்கவும் அவசரம் கூடாது. சுடச்சுட வெளியே எடுத்தால் குளிர்ந்த காற்று பட்டு விரிசல் விடும்.

யாரும் பையனை அடிக்கவில்லை. "உடைந்ததற்குப் பதில் செய்து கொடு" என்று மட்டும் காக்கா சொன்னார். வெள்ளி மாலையும் சனி காலையும் உட்கார்ந்து ஐந்து விளக்குகள் செய்து, துணி போர்த்தி வைத்து விட்டு ரெயில் ஏறினான். ஆச்சிக்குக் கொண்டு போக ஒன்றும் இல்லை.

ஆச்சி ஊரின் தாழிகள்

ஆனால் அந்த ஆச்சி ஊருக்கும் மண்பாண்டத்துக்கும் உள்ள உறவு சாதாரணமானது அல்ல. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே தாமிரபரணிக் கரையில்தான் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. இறந்தவர்களைப் பெரிய மண் தாழியில் வைத்துப் புதைத்த இடம் அது. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ அங்கே அகழாய்வு நடத்தினார். கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழி எழுத்துக்களில் பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. மானாமதுரையில் இன்றும் கடம் செய்கிறார்கள். மானாமதுரை மட்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அய்யனார் கோவில் குதிரை செய்யும் வேளார்களே பல ஊர்களில் பூசாரிகளும் ஆவர். மண்ணைத் தொடுவது நமக்குக் குறைவு என்றால், நம் பெயரை முதலில் எழுதி வைத்ததும் அந்த மண்ணில்தானே?

பெற்றோர் கவனத்துக்கு

பிள்ளைகளை இத்தகைய வகுப்புக்கு அனுப்புகிறவர்கள் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்து கொள்வது நல்லது. காய்ந்த களிமண் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பளபளப்புப் பூச்சு பூசுவதாக இருந்தால் அதில் ஈயம் இல்லை என்று உறுதி செய்து கொள்ள வேண்டும். ஈயப் பூச்சு உள்ள பாத்திரத்தில் சாப்பிடக் கூடாது. சூளை எரியும் நேரத்தில் சிறு பிள்ளைகள் பக்கத்தில் நிற்கக் கூடாது, புகையும் ஆகாது. நகத்தை வெட்டி, பழைய சட்டை போட்டு அனுப்பினால் போதும். வேறு செலவு இல்லை.

அடுத்த கோடையில்?

2004-ல் ரெயில்வே மந்திரியாக இருந்த லாலு பிரசாத், ரெயில் நிலையங்களில் மண் குவளையில் டீ கொடுக்க உத்தரவிட்டார். குயவர்களுக்கு அது நம்பிக்கை தந்தது. காலப்போக்கில் பல நிலையங்களில் காகிதக் கோப்பையே திரும்பி வந்து விட்டது. இப்போது கும்பார்வாடாவின் கவலை வேறு. தாராவி மறுசீரமைப்புத் திட்டத்துக்கு 2022 நவம்பரில் டெண்டர் முடிவானது. 2024-ல் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. நம் வீடுகளுக்கும் அதே கணக்குதான், அதே கவலைதான். ஆனால் குமாஸ்தாவுக்கு மாடியில் ஒரு வீடு கிடைத்தால் போதும். குயவனுக்கு மண் குவிக்க இடம், காயப்போட முற்றம், சூளை மூட்டத் திறந்த வெளி மூன்றும் வேண்டும். ஏழாவது மாடியில் சக்கரம் சுற்றலாம். சூளை மூட்ட முடியுமா?

அடுத்த கோடையில் இந்த வகுப்பு அங்கே நடக்குமா என்று கேட்டேன். "மண் இருந்தால் நடக்கும்" என்றார் காக்கா.

பையன் ஊரில் இருந்தபோதே அவன் செய்து வைத்த ஐந்து விளக்குகளும் சூளைக்குப் போய் நல்லபடியாக வெளியே வந்தன. ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. அதன் ஓரத்தில் அவன் கட்டை விரல் ரேகை பதிந்திருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறந்து, மழையும் பிடித்துக் கொண்டது. மழைக்காலத்தில் மண் காய நாளாகும். இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் கொட்டகைக்குப் போகிறான். ஆச்சிக்கு ஒரு பானை செய்து, போர்த்தி வைத்திருக்கிறான். அடி இந்த முறை மெல்லியது.

பொங்கலுக்குள் தயாராகி விடுமா என்று கேட்டேன்.

"காயட்டும் மாமா" என்றான்.