குளிர்காலத்துக்கு வெள்ளரி ஊறுகாய்: உப்பைக் குறைத்தால் ஜாடியே வீண்!

ரஷ்யா, உக்ரைன், போலந்து போன்ற நாடுகளில் திறந்தவெளித் தோட்டத்தில் வெள்ளரி நன்றாகக் காய்ப்பது ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான். இரவில் உறைபனி விழத் தொடங்கினால் கொடி கருகிவிடும். அதன்பின் பல மாதங்களுக்குத் தோட்டத்தில் பச்சைக் காய் கிடையாது. அதனால் அங்கே கோடை முடிவதற்குள் வெள்ளரிக்காயை மூன்று லிட்டர் கண்ணாடி ஜாடிகளில் ஊறவைத்து, வீட்டின் நிலவறையில் அடுக்கிவிடுகிறார்கள்.

கர்நாடகம், தமிழகம், ஆந்திரத்தில் ஒப்பந்த முறையில் விளையும் கெர்கின் வெள்ளரி, இதே ஊறுகாய்க்காகத்தான் ரஷ்யாவுக்கும் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாகிறது. அந்த நாட்டு வீடுகளில் இதை எப்படிச் செய்கிறார்கள், எங்கே தவறு நேர்கிறது என்று பார்ப்போம்.

மாவடு வேறு, வெள்ளரி வேறு

நம் வீட்டு மாவடுவும் உப்பில் ஊறுவதுதான். ஆனால் மாங்காயில் இயற்கையாகவே புளிப்பு உண்டு. வெள்ளரியில் அது கிடையாது. காயில் சுமார் 95 சதவீதம் தண்ணீர்தான். கெடுக்கும் நுண்ணுயிரிகளுக்கு இது வசதியான இடம்.

எனவே புளிப்பை நாம்தான் உண்டாக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, உப்புநீரில் புளிக்க வைப்பது. இட்லி மாவைப் புளிக்க வைக்கும் அதே வகை பாக்டீரியாக்கள் காயிலுள்ள சர்க்கரையை லாக்டிக் அமிலமாக மாற்றும். அந்த அமிலம் சேரும் வரை காயைக் காப்பது உப்பு. இரண்டாவது வழி, வினிகரை நேரடியாகச் சேர்ப்பது. எந்த வழியானாலும் பி.எச். அளவு 4.6-க்குக் கீழே இறங்கினால்தான், காற்றுப் புகாத ஜாடிக்குள் பொட்டுலிசம் நஞ்சை உண்டாக்கும் கிருமி வளராது. இந்த நஞ்சு உயிரைப் பறிக்கக்கூடியது. நிறத்தையோ வாசனையையோ வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியாது.

காய் தேர்வு

* 7 முதல் 12 செ.மீ. நீளமுள்ள, தோலில் முள்போன்ற புடைப்புகள் கொண்ட ஊறுகாய் ரகமே ஏற்றது. முற்றிய காயில் விதைப்பகுதி பெருத்து, ஊறிய பின் உள்ளே பொந்து விழும்.
* பறித்த 24 மணி நேரத்துக்குள் ஊறவைக்க வேண்டும்.
* குளிர்ந்த நீரில் 3 முதல் 4 மணி நேரம் போட்டு வைத்தால் காய் மொறுமொறுப்பாகும். மிதக்கும் காய்களில் உள்ளே பொந்து இருக்கலாம். அவற்றைத் தனியே எடுத்துவிடவும்.
* பூ இருந்த நுனியை 2 மி.மீ. அளவுக்கு அவசியம் சீவ வேண்டும். காயைக் குழைய வைக்கும் நொதிகள் அங்குதான் அதிகம்.

உப்புநீர் முறை

மூன்று லிட்டர் ஜாடிக்கு ஒன்றரை முதல் 1.8 கிலோ காய், ஒன்றரை லிட்டர் தண்ணீர், 100 கிராம் உப்பு தேவை. உப்பைக் கரண்டிக் கணக்கில் போடாமல் எடை போடுவது நல்லது. அயோடினும் கட்டிபிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருட்களும் இல்லாத உப்பாக இருந்தால் நீர் வீணாகக் கலங்காது.

ஜாடியைக் கொதிநீரில் கழுவி, அடியில் சதகுப்பைப் பூங்கொத்து, பூண்டு, மிளகு போடுகிறார்கள். பிளாக் கரண்ட், செர்ரி அல்லது ஓக் இலைகளும் சேரும். இந்த இலைகளின் துவர்ப்புச் சத்து காய் குழைவதைத் தடுக்க உதவும். காய்களை நெருக்கமாக அடுக்கி, கொதிக்க வைத்து ஆறிய உப்புநீரை ஊற்றி, காய் மேலே வராதபடி சுத்தமான பாரம் வைக்க வேண்டும். நீருக்கு வெளியே தலைகாட்டும் காயில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும்.

மூடியை இறுக்காமல் அறை வெப்பத்தில் 3 முதல் 5 நாட்கள் வைத்தால் குமிழி வரும், நீர் வெண்மையாகக் கலங்கும். இது புளிப்பதன் அடையாளம், பயப்பட வேண்டாம். பிறகு நீர் குறைந்திருந்தால் அதே அளவு உப்புநீரை நிரப்பி, குளிர்ந்த நிலவறைக்கு மாற்றுகிறார்கள். சுமார் ஒரு மாதத்தில் காய் முழுதும் ஊறி, ஆலிவ் பச்சை நிறத்துக்கு மாறியிருக்கும்.

உப்பு உடம்புக்கு ஆகாது என்று இந்த அளவைக் குறைக்கக் கூடாது. உப்பு குறைந்தால், அமிலம் சேருவதற்கு முன்பே கெடுக்கும் கிருமிகள் முந்திக்கொள்ளும். உப்பைத் தவிர்க்க வேண்டியவர்கள் ஊறுகாயைக் குறைவாகச் சாப்பிடுவதே சரி.

வினிகர் முறை

5 சதவீத வினிகரும் தண்ணீரும் சம அளவு எடுத்து, கலவையில் லிட்டருக்கு 40 முதல் 50 கிராம் உப்பு சேர்த்துக் கொதிக்க வைக்கவும். ரஷ்யாவில் கிடைப்பது பெரும்பாலும் 9 சதவீத வினிகர். 5 பங்குக்கு 4 பங்கு தண்ணீர் சேர்த்தால் அது 5 சதவீதமாகும். அங்கே விற்கும் 70 சதவீத வினிகர் எசன்ஸை அளவு தவறிக் கையாண்டால் வாயும் குடலும் வெந்துவிடும்.

அடுக்கிய காய்களின் மேல் கொதிக்கும் கலவையை ஊற்றி, மேலே அரை அங்குலம் இடம் விட்டு மூடவும். மூடிக்கு மேல் ஒரு அங்குலம் நிற்கும் கொதிநீரில், அரை லிட்டர் ஜாடியை 10 நிமிடமும் ஒரு லிட்டர் ஜாடியை 15 நிமிடமும் வைத்து எடுக்க வேண்டும். மலைப்பகுதியில் 5 முதல் 10 நிமிடம் கூடுதலாகத் தேவை. சூடான கலவையை ஊற்றி, ஜாடியைக் கவிழ்த்துப் போர்வை சுற்றி வைக்கும் வழக்கம் அங்கே பரவலாக உண்டு. கொதிநீரில் வைப்பதற்கு அது ஈடாகாது.

எப்போது கொட்டிவிட வேண்டும்?

வினிகர் ஜாடியில் மூடி உப்பினாலும், திறக்கும்போது நீர் பீறிட்டாலும், தெளிவாக இருந்த நீர் கலங்கினாலும் ருசி பார்க்காமல் கொட்டிவிடுங்கள். உப்புநீர் ஜாடியில் கலங்கல் இயல்பே. ஆனால் காய் வழவழப்பாகிக் கூழானாலோ, துர்நாற்றம் வந்தாலோ சாப்பிடக் கூடாது.

நம் கெர்கின் விவசாயிகளுக்கு

உப்புநீர் முறைக்கு 21 முதல் 24 டிகிரி வெப்பம் ஏற்றது. 27 டிகிரியைத் தாண்டினால் காய் குழைந்துபோகும். அதனால் நம் சமவெளியில் பெரும்பாலான மாதங்களில் வினிகர் முறையே நம்பகமானது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் உப்புநீர் முறையை முயலலாம்.

கெர்கின் வெள்ளரியை ஒரு கிலோவுக்கு எத்தனை காய் என்ற கணக்கில் தரம் பிரித்து விலை போடுகிறார்கள், பெருத்த காயைக் கழித்துவிடுகிறார்கள். ஒரு நாள் பறிப்பு தள்ளிப்போனாலும் காய் தரம் இறங்கிவிடும். அப்படிக் கழிந்த காய் அதிகம் முற்றாமல் இருந்தால், முழுதாகப் போடாமல் வட்டமாக நறுக்கி வினிகரில் போடலாம். மருந்து தெளித்த வயலாக இருந்தால், மருந்துச் சீட்டில் குறித்துள்ள காத்திருப்பு நாட்கள் முடிந்த பிறகு பறித்த காயை மட்டுமே வீட்டுக்கு எடுங்கள்.