துயர்ப்படம் காண்டலும் உயிரின் சார்பும்

உண்மையில் நிகழ்ந்த பேரிடர்களைத் தொகுத்துக் காட்டும் ஆவணப்படங்கள் இந்நாளில் இல்லந்தோறும் காணப்படுகின்றன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை பற்றிய படங்கள் அவற்றுட் சில. சுமத்திராத் தீவின் மேல்பாற் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் எழுந்த அவ்வலை, பல நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. நம் நாகப்பட்டின மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இத்தகைய படங்களைக் கண்ட அன்பர் சிலர், நெஞ்சு கலங்கி, உறக்கமும் வழிபாடும் குன்றி, ‘இவற்றைக் காண்டல் தகுமோ? காணின் அத்துயரை ஆற்றுமாறு யாது?’ என வினவுகின்றனர். அதற்குச் சித்தாந்த நெறிநின்று விடை கூறுதும்.

முதற்கண் இத்துயரின் இயல்பை அறிதல் வேண்டும். தொல்காப்பியனார் எண்வகை மெய்ப்பாடுகளுள் அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கனை நிலைக்களனாகக் கூறினார். நாடகத்தில் தோன்றும் அழுகை சுவையாய் முடியும், என்னை? மாண்டவனாக நடித்தவன் திரை வீழ்ந்தபின் எழுந்து போதலின். ஆவணப்படத்தில் மாண்டவர் மீளார். அழுத தாயும் நடித்தவள் அல்லள். ஆகலின், ஆண்டுத் தோன்றும் அழுகையைச் சுவையாகத் துய்த்து அமைதல் கூடாது. அது நம்மிடத்து ஒரு கடமையை வேண்டி நிற்பது. அக்கடமை இன்னதென்று அறியாமையே கலக்கம் நீளுதற்கு ஒரு காரணமாம்.

இனி, திரையிற் கண்ட துன்பம் காண்பவனைப் பற்றுவது யாங்ஙனம் எனின், உயிர் சார்ந்ததன் வண்ணமாம் இயல்புடைமையால் என்க. கண்ணானது ஒளியொடு கூடியவழிக் காண்டலும், இருளொடு கூடியவழிக் காணாமையும் உடையதாதல் போல, உயிரும் தான் அழுந்திநின்ற பொருளின் தன்மையதாகும். பொறிவழிப் புகுந்ததனை மனம் பற்ற, சித்தம் மீள மீளச் சிந்திக்க, புத்தி ஆராய்ந்து துணியுமுன்னரே உயிர் அத்துயரின் மயமாகிவிடுகின்றது. இக்கால ஆய்வொன்றும் இதற்கு இயைபுடையது. 2013-இல் அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில் ஓட்டப்பந்தயத்தின்போது குண்டுகள் வெடித்தன. அடுத்த வாரத்தில் அந்நிகழ்ச்சி பற்றிய செய்திகளையும் படங்களையும் நாள்தோறும் 6 மணி நேரமோ அதன் மேலோ கண்டோர், அவ்விடத்தில் இருந்தோரினும் மிகுந்த மனவுளைச்சல் உற்றனர் என 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. உடலின் அண்மையினும் உள்ளத்தின் அழுந்துதல் வலிது என்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், காணாதொழிதலே நன்றன்றோ எனின், அன்று. சுமத்திராவை அடுத்த சிமேலு என்னும் தீவில் 1907-இல் ஒரு பேரலை எழுந்து பலரை மாய்த்தது. எஞ்சியோர் அத்துயரை மறவாது, ‘நிலம் நடுங்கிக் கடல் உள்வாங்கின் மேட்டிற்கு ஓடுக’ எனக் கதையாகவும் பாட்டாகவும் தம் மக்கட்கு வழிவழி உணர்த்தி வந்தனர். 2004-இல் அத்தீவு நடுக்கத்தின் மையத்தை அடுத்திருந்தும், ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டோர் எழுவரே. பிற கரைகளிலோ, கடல் உள்வாங்கியதைப் புதுமையெனக் காணச் சென்று மாண்டார் பலர். ஆகவே துயரை நினைத்தல் தீதன்று. பயனின்றி அதன்கண் அழுந்துதலே தீது.

‘மாண்டவர் தத்தம் வினைப்பயனை நுகர்ந்தனர், நாம் வருந்துவது எற்றுக்கு?’ என்பாரும் உளர். சித்தாந்தத்தின் பெயரால் இது கூறப்படுதலின் விடுத்துச் செல்லற்பாலதன்று. வினைப்பயனை உயிர்க்குக் கூட்டுவோன் முற்றுணர்வுடைய இறைவன். சிற்றறிவினராகிய நாம் பிறர் வினையின் அளவை அறியேம். வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கும் தன் செயலைத் திருத்துதற்கும் கூறப்பட்டதன்றி, பிறர் துன்பத்தைப் புறக்கணித்தற்குக் கூறப்பட்டதன்று. உயிர்க்கு உறுதி செய்தலை இதம் என்றும், அது செய்யாமையை அகிதம் என்றும் சிவஞான சித்தியார் வகுத்தது. ஆகவே அவர் நுகர்ந்தது பிராரத்தமேயாயினும், அதுகண்டு நாம் செய்வதும் செய்யாதொழிவதும் நமக்கு ஆகாமியமாய் வந்தேறும்.

ஆசிரியன்மார் ஒழுகிய நெறியும் இதுவே. திருவீழிமிழலையிற் பஞ்சம் வந்தபோது ஆளுடைய பிள்ளையாரும் ஆளுடைய அரசும் அதனை ஊரார் வினையென்று கூறி வாளா இருந்திலர். இறைவன்பாற் பெற்ற காசு கொண்டு அமுதூட்டினர். திருமருகலில், அரவு தீண்டி மாண்ட வணிகன்பொருட்டு அழுத பெண்ணின் குரல் கேட்ட பிள்ளையார், அவள் குறையை வினவிப் பதிகம் பாடி அவ்வுயிரை மீட்டருளினார். அத்திருமருகலும், பரதவர் குலத்து அதிபத்த நாயனார் வாழ்ந்த நாகைக் கடற்கரையும், பேரலையால் நலிவுற்ற அம்மாவட்டத்தனவே.

இனி, துயரை ஆற்றுமாறு கூறுதும். ஒரு படத்தை ஒருமுறை முழுதுறக் கண்டு அமைக. அதே காட்சியை மீள மீளக் காணற்க. உறங்கப் போகும் பொழுதிலும் தனித்திருந்தும் காண்டலைத் தவிர்க்க. கண்டு முடித்தபின் உடனே எழுந்து பிறிதொன்றில் மனம் செலுத்தாது, மாண்டோரை நினைந்து திருவைந்தெழுத்தைச் சிறிது பொழுது கணிக்க. துயரைச் சார்ந்த உயிர் திருவருளைச் சாருதற்கு வழி அதுவே. பின்னர்ச் சிறிதாயினும் ஓர் இதம் செய்க: பெற்றோரை இழந்த பிள்ளை ஒன்றன் கல்விக்கு உதவலாம், கடல் உள்வாங்கின் செய்யத்தக்கதனைத் தம் இல்லத்துச் சிறார்க்கு உணர்த்தலாம். அத்தகைய இழவைத் தாமே உற்றவர் இப்படங்களைக் காணாது விடுத்தல் குற்றமன்று. பல நாள் கழிந்தும் உறக்கமின்மையும் அச்சமும் நீங்காவாயின் மருத்துவரை நாடுக. உடம்பு இறைவன் தந்த கருவியாதலின் அதனைப் பேணுதலும் சைவ ஒழுக்கமேயாம்.

கண்ணீர் தானே பயனாகாது, கண்ணீரின்மையும் ஞானமாகாது. இறைவன்பால் உயிரையும், உயிர்கள்பால் கையையும் செலுத்துவதாயின், அக்கண்ணீர் தூயதாம்.