மெனிபோல்ட் மாற்றும் முன் தடிப்பை அளந்து பாருங்கள்

பிரித்தானியாவின் எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை உற்பத்தி செய்யப்பட்டது. அதன் 1798 சி.சி. எஞ்ஜினில் உள்ள இரட்டை எஸ்.யு. காபரேட்டர்களைக் கழற்றிவிட்டு, வேறு நிறுவனங்கள் தயாரித்த மெனிபோல்டில் ஒரு வெபர் காபரேட்டரைப் பொருத்தப் பலர் விரும்புகின்றனர். பழைய கார் திருத்துவோருக்கு இது வருமானம் தரும் வேலைதான். ஆனால் பெட்டியில் வந்த பாகங்களை மட்டும் கணக்கில் எடுத்து விலை கூறுபவர் நட்டமடைவார்.

காரணம் இதுதான். இந்த எஞ்ஜினில் காற்று உள்ளே செல்லும் மெனிபோல்டும் புகை வெளியேறும் மெனிபோல்டும் ஒரே பக்கத்தில் உள்ளன. இரண்டையும் பொதுவான ஸ்டட்களும் தடித்த வொஷர்களுமே அழுத்திப் பிடிக்கின்றன. ஒன்றின் விளிம்பு மற்றையதைவிடத் தடிப்பாக இருந்தால் வொஷர் சரிந்து நிற்கும்; மெல்லிய பக்கம் இறுகாது. நட்டை எவ்வளவு முறுக்கினாலும் பயனில்லை, ஸ்டட் உடைவதுதான் மிச்சம். அந்த இடைவெளியால் காற்று உட்புகுந்தால் பெற்றோல் கலவை ஐதாகி, ஐட்லிங் நிலையற்றுப் போகும். நாளடைவில் வால்வுகூடக் கருகலாம். வாடிக்கையாளரோ காபரேட்டரையே குறை கூறுவார். நீங்களும் ஜெட்டை மாற்றி மாற்றி இலவசமாக உழைப்பீர்கள்.

எனவே இரு விளிம்புகளையும் முதலிலேயே வேர்னியரால் அளந்துகொள்ளுங்கள். வித்தியாசம் இருந்தால், வொஷரில் தடித்த விளிம்பின் மீது அமரும் பாதியைப் பட்டறையில் சீவிப் படியாக்கலாம். பிரேக் சேர்வோ உள்ள காராயின் அதன் வெற்றிடக் குழாய்க்குப் புதிய மெனிபோல்டில் துவாரம் உண்டா என்பதையும் பார்க்க வேண்டும். இதை மறந்தால் பிரேக் மிதி கல்லாகிவிடும்!

பட்டறைக் கூலியையும் புதிய கஸ்கட்டின் விலையையும் மதிப்பீட்டில் தனியாக எழுதுங்கள். கழற்றிய எஸ்.யு. தொகுதியைப் பொதி செய்து உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள். பின்னர் காரை விற்கும்போது அசல் பாகங்களைக் கேட்டு வருபவர்கள் உண்டு.